ஓலை போன பின்னும் நின்ற வழக்குகள்: தமிழ் எழுத்துமுறையில் பயனிழந்த மரபுகள் கழிந்த வரலாறு

ஆய்வுச் சுருக்கம்

பனையோலை தமிழரின் முதன்மை எழுதுபொருளாக இருந்த காலத்தில் அதனைச் சார்ந்து பல வழக்குகள் தோன்றின. புள்ளியிடாமல் எழுதுதல், சில உயிர்மெய்களை இழைத்து எழுதுதல், பழைய ஏட்டைப் படியெடுத்தபின் நீரிலோ நெருப்பிலோ இடுதல், நுண்ணிய பின்னக் குறிகளால் கணக்கெழுதுதல் ஆகியன அவற்றுள் சில. ஓலையின் இடத்தை அச்சு எடுத்துக்கொண்ட பின்னரும் இவ்வழக்குகள் ஒரே காலத்தில் மறையவில்லை. சில ஓசையின்றிக் கழிந்தன. ஒன்று பெருங்கேடு விளைத்தது. ஒன்று நீங்க அரசாணை வேண்டியதாயிற்று. இவ்வேறுபாட்டிற்கான காரணத்தை இக்கட்டுரை ஆராய்கிறது. ஒரு வழக்கின் பயன் யாருக்கு, எந்தக் கருவியோடு, எந்தத் துணை வழக்கோடு சேர்ந்து இருந்தது என்பதை அறிந்தாலன்றி அது பயனிழந்ததா என்பதைத் துணிய இயலாது என்பது இதன் கருத்து.

திறவுச் சொற்கள்: ஓலைச்சுவடி, புள்ளி, எழுத்துச் சீர்திருத்தம், வீரமாமுனிவர், உ.வே.சாமிநாதையர், பெரியார், பின்ன எண்கள்

முன்னுரை

மரபைக் காப்பதா, கைவிடுவதா என்னும் வழக்காடலில் இரு தரப்பினரும் நன்னூலைத் துணைக்கு அழைப்பதுண்டு. பதின்மூன்றாம் நூற்றாண்டைச் சேர்ந்த பவணந்தி முனிவரின் அந்நூலில், எழுத்துகள் யாவும் தொன்றுதொட்டு வரும் வடிவினை உடையன என்று கூறும் நூற்பா எழுத்ததிகாரத்தில் உள்ளது. பழையன கழிவதையும் புதியன புகுவதையும் குற்றமெனக் கொள்ளாத நூற்பா சொல்லதிகாரத்தின் இறுதியில் உள்ளது. எழுத்து வடிவை மாற்றக்கூடாது என்பார்க்கு முன்னதும், மாற்றலாம் என்பார்க்குப் பின்னதும் மேற்கோளாயின. ஒரே ஆசிரியர் இரண்டையும் கூறியிருப்பதில் முரணேதும் இல்லை. எது கழியும், எப்போது கழியும் என்பதை அவர் காலத்தின் வகையில் விட்டுவிட்டார். அந்தக் காலவகை நடைமுறையில் எவ்வாறு இயங்கிற்று என்பதை அறிய, தமிழ் எழுத்தின் வரலாறு போதிய சான்றுகளைத் தருகிறது.

இலக்கணம் விதித்ததும் கை விடுத்ததும்

மெய்யெழுத்துப் புள்ளி பெறும் என்பதும் எகர ஒகரக் குறில்களும் அவ்வாறே புள்ளி பெறும் என்பதும் தொல்காப்பியத்தின் விதி. இது ஏட்டளவில் நின்ற கற்பனையன்று. பிற்காலத் தமிழ்ப் பிராமிக் கல்வெட்டுகளில் புள்ளி இடம்பெற்றிருப்பதை ஐராவதம் மகாதேவன் எடுத்துக்காட்டியுள்ளார். ஆனால் இடைக்காலத்து ஏடுகளில் புள்ளியைக் காண்பது அரிது. எழுத்தாணியால் அழுத்திப் புள்ளியிட்டால் ஓலை துளைபடும்; ஆதலால் ஏடெழுதுவோர் புள்ளியை விடுத்தனர் என்பது பரவலாகக் கூறப்படும் காரணம்.

இக்காரணம் முழுமையானதன்று. கல்லில் துளைபடும் அச்சம் இல்லை. எனினும் சோழர் காலத்துக் கல்வெட்டுகளிற் பெரும்பாலானவை புள்ளியின்றியே வெட்டப்பட்டுள்ளன. ஓலையில் எழுதிப் பழகிய கை கல்லிலும் அவ்வாறே எழுதியது எனலாம். அதனினும் முதன்மையானது, படிப்போர்க்குப் புள்ளி தேவைப்படவில்லை என்பதே. அக்காலத்தில் நூலை ஆசிரியரிடம் பாடங்கேட்டு, மனனம் செய்து, அதன்பின் ஏட்டை நினைவுக்குத் துணையாகக் கொண்டனர். செய்யுளாயின் யாப்பும் எதுகையும் சரியான வாசிப்பைக் காட்டிக்கொடுக்கும். கோயிற் கல்வெட்டாயின் தொடர்கள் திரும்பத் திரும்ப வருவன. முன்பே அறிந்ததைப் படிப்பவனுக்குக் க எது, க் எது என்பது ஐயமாகாது.

முன்பே அறியாதவனுக்கு அதே ஏடு புதிராயிற்று. ஏட்டில் கால் என்னும் குறியும் ரகரமும் ஒரே வடிவின. கொம்பு குறிலுக்கும் நெடிலுக்கும் பொது. ஆகவே கொம்பு, ககரம், கால் என மூன்று வடிவங்கள் அடுத்தடுத்து நின்றால் அவற்றைக் கொ, கோ, கெர, கேர, கெர், கேர் என ஆறு வகையாகப் படிக்க இடமுண்டு. பொருளறிந்தவனே எழுத்தை அறிவான் என்னும் நிலை இது.

இந்நிலையை மாற்றியவராக மரபு குறிப்பிடும் பெயர், கான்ஸ்டண்டைன் ஜோசப் பெஸ்கி என்னும் வீரமாமுனிவருடையது (1680–1747). எகர ஒகரக் குறிலுக்குப் புள்ளி, நெடிலுக்கு ஒன்றுமில்லை என்பது பழைய விதி. நடைமுறையில் புள்ளி விடப்பட்டதால் இரண்டும் ஒன்றாயின. அவர் முறையைத் திருப்பி அமைத்தார்: குறிலை வெறுமனே விட்டு, நெடிலுக்கு அடையாளமிட்டார். மேற்சுழி பெற்ற இரட்டைக் கொம்பு இவ்வழியே நிலைபெற்றது. இம்மாற்றம் முழுவதும் அவர் ஒருவரது ஆக்கமா என்னும் வினாவை ஒருபுறம் வைத்தாலும், அவருடைய நிலை கருதத்தக்கது. அவர் தமிழை வேற்றுமொழியாளராகக் கற்றவர். தம்மைப்போன்ற பிற கற்போர்க்காகக் கொடுந்தமிழ் இலக்கணத்தை இலத்தீனில் எழுதியவர். அந்நூல் 1738இல் தரங்கம்பாடியில் அச்சேறியது. திண்ணையில் மனனம் செய்து வளராத ஒருவரே புள்ளியின்மையின் இடர்ப்பாட்டை முழுதும் உணர இயலும். உள்ளிருந்தவர்க்கு அது குறையாகவே தோன்றவில்லை.

1578இல் கொல்லத்தில் அச்சான தம்பிரான் வணக்கம், அச்சுக் கருவியைக் கையாண்டபோதும் ஏட்டின் எழுத்து வழக்கையே பின்பற்றியது. எனவே கருவி மாறியவுடன் வழக்கு மாறிவிடும் என்று கொள்ளலாகாது. அச்சுநூல் முகமறியாத வாசகரைச் சென்றடையத் தொடங்கிய பின்னரே புள்ளி மீண்டும் நிலைபெற்றது. 1835ஆம் ஆண்டுச் சட்டத்திற்குப் பின் இந்தியர் நடத்திய அச்சகங்கள் பெருகின. பாடநூல், சமயநூல், இதழ் எனப் பல வகையிலும் ஆசிரியர் துணையின்றிப் படிப்போர் தொகையும் பெருகிற்று. புள்ளியின்மை என்னும் வழக்கிற்காக வாதாட எவரும் எழவில்லை. இலக்கணமும் புதிய வாசகரும் ஒரே பக்கத்தில் நின்றதால் அது வழக்காடலின்றியே கழிந்தது.

பாதி கழிந்த மரபு

ஏட்டு மரபில் மிகுதியும் கவலைக்குரியது எழுத்துவடிவம் அன்று. தமிழகத்தின் வெப்பத்திலும் ஈரத்திலும் ஓலை சில நூற்றாண்டுகளுக்கு மேல் நிலைப்பது அரிது. பூச்சி அரிக்கும், ஓரம் முரியும், நாராசம் கோத்த துளை விரியும். ஆதலின் சிதைவுற்ற ஏட்டைப் பார்த்துப் புதிய ஓலையில் படியெடுத்துவிட்டு, பழையதை மதிப்புடன் அகற்றும் வழக்கம் இருந்தது. ஏடு கலைமகளின் உருவாகக் கருதப்பட்டமையால் அதனைக் குப்பையில் எறிதல் தகாது. ஆடிப்பெருக்கில் ஆற்று வெள்ளத்தில் விடுதலும், நெய்யில் தோய்த்து வேள்வித்தீயில் இடுதலும் அதற்குரிய முறைகளாயின. இரண்டு செயல்களும் சேர்ந்தே ஒரு மரபு. படியெடுத்தல் நூலைக் காத்தது. அகற்றுதல் பழுதுற்ற பொருளுக்கு இறுதி மதிப்பைச் செய்தது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இம்மரபின் முதற்பாதி நின்றுபோயிற்று. ஏடெழுதி வாழ்ந்தோர்க்கு ஆதரவு குறைந்தது. மடங்களும் புலவர் குடும்பங்களும் பழைய நூல்களைப் பாடஞ்சொல்லும் வழக்கத்தைச் சுருக்கிக்கொண்டன. படிக்க அறிந்தவர் இல்லாத வீட்டில் படியெடுக்க யார் இருப்பர்? ஆயினும் இரண்டாம் பாதி தொடர்ந்தது. அதற்குப் புலமை வேண்டுவதில்லை. ஆறும் நெருப்பும் போதும்.

உ.வே.சாமிநாதையர் (1855–1942) தம் வாழ்க்கை வரலாறான என் சரித்திரத்தில் இதன் விளைவைப் பதிந்துள்ளார். கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலில் பழைய ஏடுகள் இருப்பதாகக் கேள்வியுற்று அவர் சென்றபோது, அவை சாத்திர முறைப்படி நெய்யில் தோய்த்து வேள்வியில் இடப்பட்டுவிட்டன என்று அங்கிருந்தோர் கூறினர். ஆடிப்பெருக்கில் ஏடுகளை ஆற்றில் விட்ட செய்தியையும் அவர் குறிப்பிடுகிறார். அவ்வாறு செய்தவர்கள் நூல்களைப் பகைத்தவர் அல்லர். முன்னோர் செய்ததையே முறை தவறாமல் செய்தவர்கள் அவர்கள். முன்னோர் அதற்கு முன் மற்றொன்றையும் செய்தனர் என்பது மட்டும் மறந்துபோயிற்று.

சி.வை.தாமோதரம் பிள்ளையும் (1832–1901) கலித்தொகைப் பதிப்பின் முன்னுரையில், ஏட்டைத் தொடும்போதே அது முரிந்து உதிரும் அவலத்தை எடுத்துரைக்கிறார். அவர் கலித்தொகையை வெளியிட்ட அதே 1887இல்தான் சாமிநாதையரின் சீவக சிந்தாமணிப் பதிப்பும் வெளிவந்தது. இப்பதிப்பாசிரியர்களின் பணியை ‘மீட்பு’ என்று அழைக்கும் வழக்கம் ஆய்வுலகில் உண்டு. கூர்ந்து நோக்கின், அவர்கள் செய்தது பழைய மரபின் முதற்பாதியை வேறொரு கருவியால் மீண்டும் தொடங்கிவைத்ததே ஆகும். பல ஏடுகளை ஒப்பிட்டுப் பாடங்கொள்ளும் புதிய முறை அதனுடன் சேர்ந்தது.

அப்பணியில் புள்ளியற்ற எழுத்து அவர்களுக்கு இடையூறாக நின்றது. ஏட்டில் சரபம் என்பதும் சாபம் என்பதும் ஒரே வடிவில் இருந்தமையால், ஓரிடத்தில் சரபம் என்று கொள்ளவேண்டியதைத் தாம் நெடுங்காலம் சாபம் என்றே கருதியிருந்ததைச் சாமிநாதையர் நினைவுகூர்கிறார். பாடஞ்சொல்லும் தொடர்ச்சி அறுந்த நூலுக்கு ஏடு ஒன்றே சான்று. மனனத்திற்குத் துணையாக எழுதப்பட்ட எழுத்து, மனனம் மறைந்தபின் தனியே நின்று பேசவேண்டிய நிலை வந்தது.

பதின்மூன்று எழுத்துகளும் நாற்பத்து மூன்று ஆண்டுகளும்

புள்ளி திரும்பிய பின்னரும் ஓலைக் கையெழுத்தின் மற்றொரு தடம் அச்சில் நீடித்தது. ணா, றா, னா என்பவற்றில் கால் தனித்து நில்லாமல் எழுத்தின் அடியில் சுழிந்து இணைந்திருந்தது. ணொ, றொ, னொ, ணோ, றோ, னோ என்பனவும் அவ்வாறே. ணை, லை, ளை, னை என்னும் நான்கில் ஐகாரக் குறி யானைத் துதிக்கைபோல் மேலே வளைந்திருந்தது. வடிவை நோக்கினால் இவ்விணைப்பின் காரணம் ஓரளவு புலனாகும். ண, ற, ன ஆகியவை வலப்புறம் கீழிறங்கி முடிவன. அங்கிருந்து கையெடுக்காமல் காலை வரைய இயலும். ண, ல, ள, ன ஆகியவை இடப்புறச் சுழியில் தொடங்குவன. அச்சுழியோடு ஐகாரக் குறியை இழைத்துவிட இயலும். வகரமும் சுழியில் தொடங்குவதே. ஆனால் வை தனிவடிவு பெறவில்லை. கைப்பழக்கம் இலக்கண விதிபோல் சீராக நடப்பதில்லை.

கைக்கு இவை எளியன. அச்சுக்கோப்பவர்க்கு அவ்வாறல்ல. காலும் ஐகாரக் குறியும் ஏனைய எழுத்துகளுக்காக முன்பே வார்க்கப்பட்டிருக்க, இவ்வெழுத்துகளுக்கென்று வேறு வார்ப்புகளும் எழுத்துப்பெட்டியில் வேறு அறைகளும் தேவைப்பட்டன. தட்டச்சுப்பொறியில் நெருக்கடி மிகுந்தது. யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த இரா.முத்தையா தமிழ்த் தட்டச்சுப்பொறியை உருவாக்க முயன்றபோது, ஆங்கிலத்திற்கென அமைந்த விசைகளுக்குள் தமிழின் உயிர்மெய் வரிசைகளை அடக்கும் சிக்கலை எதிர்கொண்டார். ஒவ்வொரு தனிவடிவும் ஓரிடத்தைக் கவர்ந்தது. பள்ளிச் சிறார்க்கோ, கா முதலியவற்றில் கற்ற விதி ணா, றா, னாவில் பொய்த்தது.

பெரியார் ஈ.வெ.ராமசாமி (1879–1973) 1935 ஜனவரியில் குடி அரசு இதழில் இவ்வடிவங்களை விடுத்து, காலையும் ஐகாரக் குறியையும் ஏனைய எழுத்துகளிற்போலவே இட்டு அச்சிடத் தொடங்கினார். எழுத்து என்பது கருத்தை அறிவிக்கும் கருவி. கருவியைக் காலத்திற்கேற்பத் திருத்துவதில் தெய்வக் குற்றம் ஏதுமில்லை என்பது அவர் நிலைப்பாடு. ஓர் இதழை நடத்தியவர் என்ற வகையில் அச்சுக்கூடத்தின் இடர்ப்பாட்டை அவர் நேரில் அறிந்திருந்தார் என்பதையும் இங்கே கருதவேண்டும். வீரமாமுனிவர் எவ்வாறு அறியாத வாசகரின் இடத்தில் நின்றாரோ, அவ்வாறே பெரியார் அச்சுக்கோப்பவரின் இடத்திலும் குழந்தையின் இடத்திலும் நின்றார். வழக்கின் சுமையைத் தாங்குபவர் யார் என்பது இரு நிகழ்வுகளிலும் திறவுகோலாக அமைகிறது.

ஆனால் இம்முறை வழக்கு எளிதில் கழியவில்லை. புள்ளியைப் போல இலக்கணத்தின் ஆதரவை இது பெறவில்லை, எதிர்ப்பையும் பெறவில்லை. துதிக்கை வடிவைப் பற்றித் தொல்காப்பியமோ நன்னூலோ எதுவும் கூறவில்லை. எதிர்த்தவர்கள் சான்றாகக் கொண்டது பழமை ஒன்றையே. முன்மொழிந்தவரின் சமயக் கருத்துகளும் அரசியலும் எழுத்தின்மீது ஏற்றிப் பார்க்கப்பட்டன. புதிய வடிவில் எழுதுவது ஓர் இயக்கத்தைச் சார்ந்தவர் என்பதன் அடையாளமாகவும் ஆயிற்று. இவ்வாறு பயன் பற்றிய வினா, சார்பு பற்றிய வினாவாக மாறியதே காலத்தாழ்வின் பெருங்காரணம் எனலாம். பெரியாரின் நூற்றாண்டையொட்டி, எம்.ஜி.ராமச்சந்திரன் முதலமைச்சராக இருந்தபோது, 1978 அக்டோபர் 19ஆம் நாள் தமிழ்நாட்டரசு இச்சீர்திருத்தத்தை ஏற்று ஆணையிட்டது. குடி அரசு தொடங்கிவைத்து 43 ஆண்டுகள் கடந்திருந்தன. பெரியார் மறைந்தும் ஐந்தாண்டுகள் ஆகவிருந்தன.

ஏற்கப்பட்டவை பதின்மூன்று வடிவங்களே. ஐ, ஔ என்பவற்றிற்கு மாற்றாகப் பெரியார் கையாண்ட அய், அவ் என்பன பொது வழக்கில் இடம்பெறவில்லை. அகரமும் யகரமும் சேர்ந்து ஐகாரம்போல் ஒலிக்கும் என்னும் குறிப்பு தொல்காப்பியத்திலேயே இருந்தும், ஐகாரத்தைக் கைவிடத் தமிழுலகம் இசையவில்லை. இதனை வெறும் பிடிவாதம் என்று தள்ளிவிட முடியாது. துதிக்கை வடிவம் நீங்கினால் வடிவம் ஒன்றே மாறும். ஐகாரம் நீங்கினால் உயிர் பன்னிரண்டு என்னும் எண்ணிக்கையும், ஐகாரக் குறுக்கமும், அதனைச் சார்ந்த யாப்பு அலகீடும் அசையும். மேலோட்டத்தில் ஒத்த இரண்டு முன்மொழிவுகளுள் ஒன்று கழிக்கத்தக்கதையும் மற்றொன்று வேரூன்றியதையும் தொட்டது. பிற்காலத்தில் இகர, ஈகார, உகர, ஊகார உயிர்மெய்களையும் சீராக்கவேண்டும் என்று வா.செ.குழந்தைசாமி (1929–2016) வலியுறுத்தியபோது எழுந்த எதிர்ப்பையும் இவ்வாறே மதிப்பிடவேண்டும். கு, சு, டு, மு, ரு என ஒன்றோடொன்று ஒவ்வாத வடிவங்களைக் கற்பது சிறார்க்குச் சுமை என்பதில் ஐயமில்லை. ஆனால் பதின்மூன்று வடிவங்கள் மாறியபோது முந்தைய தலைமுறையின் நூல் அடுத்த தலைமுறைக்கு அந்நியமாகவில்லை. ஒருமணி நேரப் பழக்கம் போதும். எழுபத்திரண்டு உயிர்மெய்கள் ஒருசேர மாறினால் அவ்வாறு கூற இயலாது. அம்முன்மொழிவு எழுந்த காலத்திற்குள் அச்சுக்கோப்புப் பெட்டியும் தட்டச்சுப்பொறியும் மறைந்துகொண்டிருந்தன; கணினிக்கு வடிவங்களின் எண்ணிக்கை ஒரு பொருட்டன்று. சீர்திருத்தத்தின் வலுவான காரணங்களுள் ஒன்று, சீர்திருத்தம் வருமுன்னரே பயனிழந்துவிட்டது.

எவரும் வழக்காடாத இழப்பு

எழுத்து வடிவிற்காக நாற்பது ஆண்டுகள் வழக்காடிய அதே சமூகம், தன் எண்குறிகளைப் பேச்சின்றிக் கைவிட்டது வியப்புக்குரியது. ௧, ௨, ௩ என்னும் எண்களும், பத்து, நூறு, ஆயிரத்திற்குரிய ௰, ௱, ௲ என்னும் குறிகளும், கீழ்வாய் எண்கள் எனப்பட்ட பின்னங்களும் திண்ணைப் பள்ளியில் எண்சுவடி வாயிலாக மனனம் செய்யப்பட்டன. மா என்பது 1/20, காணி 1/80, முந்திரி 1/320. இவை வெற்றுக் கணக்குப் பயிற்சிகள் அல்ல. இருபது மா கொண்டது ஒரு வேலி ஆதலால், நிலமும் நெல்லும் வரியும் பங்கும் இப்பின்னங்களிலேயே அளக்கப்பட்டன. தஞ்சைப் பெரியகோயில் கல்வெட்டுகள் முந்திரிக்கும் கீழான நுண்பின்னங்களில் நிலத்தை அளந்து கூறுகின்றன.

ஆங்கிலேயர் ஆட்சியின் நிலஅளவையும் பள்ளிக்கல்வியும் இவற்றின் பயனைப் படிப்படியாகக் குறைத்தன. 1956ஆம் ஆண்டின் எடை அளவைச் சட்டமும், 1957 ஏப்ரல் 1 முதல் ரூபாய் நூறு காசாகப் பகுக்கப்பட்டதும் எஞ்சிய பயனையும் நீக்கின. அதுவரை ரூபாய்க்குப் பதினாறணா என்னும் பகுப்பு, அரை, கால், வீசம் என்று பாதியாக்கிச் செல்லும் பழைய கணக்கோடு இயைந்திருந்தது. அவ்வியைபு அறுந்தபின் எண்சுவடியை மனனம் செய்ய ஒருவர்க்கும் காரணம் இல்லை. எண்குறிகள் எந்த இயக்கத்தின் அடையாளமும் ஆகாதமையால் அவற்றைக் காக்கவும் எவரும் எழவில்லை. கழிந்தது முறையானதே. ஆனால் அதனுடன் வேறொன்றும் கழிந்தது: ஊர்க்கணக்கு ஏடுகளையும் நில ஆவணங்களையும் படிக்கும் திறன். இலக்கிய ஏடுகளுக்குப் பதிப்பாசிரியர்கள் கிடைத்தனர். கணக்கு ஏடுகளைத் தேடி ஊரூராகச் சென்றோர் மிகச் சிலரே. சமூகப் பொருளியல் வரலாற்றை எழுதமுனையும் ஆய்வாளர் இன்று இக்குறிகளைப் புதிதாகக் கற்கவேண்டியுள்ளது. கரிவலம்வந்தநல்லூரில் நிகழ்ந்ததும் இதுவும் வகையால் ஒன்றே; இங்கு நெருப்பு இல்லை.

கழிந்தவற்றின் இன்றைய இடம்

கணினி எழுத்துக் குறியீட்டில் இவ்வழக்குகள் பெற்ற இடம் எதிர்பாராத வகையில் மாறியிருக்கிறது. ஒருங்குறியின் தமிழ்த் தொகுதியில் லகரத்திற்கும் ஐகாரக் குறிக்கும் தனித்தனி இடங்கள் உள்ளன. அவை சேர்ந்து எவ்வடிவில் தோன்றும் என்பது எழுத்துருவின் பொறுப்பு. ஆகவே 1978க்கு முந்தைய துதிக்கை வடிவத்திற்குத் தனிக்குறியீடு இல்லை. பழைய வடிவமும் புதிய வடிவமும் கணினியின் நோக்கில் ஒரே எழுத்து. வழக்காடலின்றி மறைந்த பின்னக் குறிகளோ, 2019இல் வெளிவந்த ஒருங்குறி 12.0இன் தமிழ்த் துணைத்தொகுதியில் தனித்தனிக் குறியீடு பெற்றுவிட்டன. முந்திரியை இன்று தட்டச்சு செய்து தேட இயலும். 1887ஆம் ஆண்டுச் சிந்தாமணிப் பதிப்பின் எழுத்துவடிவை அவ்வாறே பதிந்துவைக்க இயலாது. அந்நூலை மின்பதிப்பாக்குவோர் பழைய எழுத்துருவைத் தேர்வதா, பக்கங்களின் படங்களையும் உடன் வைப்பதா, புதிய வடிவிற்கு மாற்றிய செய்தியை முன்னுரையில் குறிப்பதா என்பதைத் தாமே முடிவுசெய்யவேண்டும். பல மின்பதிப்புகளில் இம்மாற்றம் குறிப்பேதுமின்றியே நிகழ்ந்துவிடுகிறது.